ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை இரவு, அரை மணி நேரம் திடல் விளக்கை அணைத்துத் தரக் கோரி மனு

அனுப்புநர்
பஞ்சர் கடைக்காரர் மற்றும் கூத்து வாத்தியார்,
(கூத்தாடும் பிள்ளைகளின் பெற்றோர் சார்பாகவும்)
வியாசர்பாடி, சென்னை.

பெறுநர்
ஆணையர் அவர்கள்,
பெருநகர சென்னை மாநகராட்சி,
ரிப்பன் மாளிகை, சென்னை.

பொருள்: எங்கள் தெருமுனை மாநகராட்சி விளையாட்டுத் திடலில் பிள்ளைகள் கூத்து நடத்தவும், அன்று இரவு 8.50 முதல் 9.20 வரை உயர்கோபுர விளக்கை அணைத்து வைக்கவும் அனுமதி வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் வியாசர்பாடியில் சைக்கிள், பைக்குக்குப் பஞ்சர் ஒட்டும் கடை வைத்திருக்கிறேன். என் அப்பா கூத்து வாத்தியார். திரௌபதி அம்மன் திருவிழாக்களில் விடிய விடிய ஆடியவர். அவரிடம் கற்றுக்கொண்ட கொஞ்சநஞ்ச அடவை, கடை சாத்திய பிறகு எங்கள் தெருப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். இப்போது 22 பேர் வருகிறார்கள். மூத்தவளுக்குப் பதினாறு வயது, கடைக்குட்டிக்கு எட்டு.

பாரதக் கதைதான் சொல்லிக் கொடுத்தேன். ஆடினார்கள், நன்றாகவே ஆடினார்கள். அப்புறம் ஒருநாள், "வாத்தியாரே, எங்க கதைய ஆடலாமா?" என்று கேட்டார்கள். சரி என்றேன். அவர்கள் கொண்டுவந்தது இந்தக் கதை: பால்வீதி என்று ஒரு ராஜ்ஜியம், விண்மீன்கள்தான் குடிமக்கள். அதற்குப் பதினாலு வயதில் பட்டம் கட்டிக்கொண்ட ஒரு ராணி. அவள் மேல் படையெடுத்து வருவது ஒரு கிழட்டு டிராகன். யாளி என்று வைத்துக்கொள்ளலாமே என்று கேட்டுப் பார்த்தேன். "யாளி கல்லுல இருக்கும் வாத்தியாரே, இது பறக்கும்" என்று எட்டு வயது வாண்டு சொல்லிவிட்டான். அதனால் இந்த மனுவிலும் டிராகன் என்றே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளவும்.

இது ஏதோ கார்ட்டூன் கதை என்று தாங்கள் நினைத்துவிடக் கூடாது என்பதால் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன். விளக்கை அணைக்கச் சொல்லும் காரணமும் கதைக்குள்தான் இருக்கிறது.

வடக்கு வானத்தில் டிராகன் என்ற பெயரிலேயே ஒரு விண்மீன் கூட்டம் இருக்கிறது. அதன் வால் பக்கத்தில் துபன் என்று ஒரு விண்மீன். அரபி மொழியில் பாம்பு என்று பொருள். ஏறக்குறைய 4,800 ஆண்டுகளுக்கு முன்னால், பூமியின் அச்சு காட்டுகிற, வானமே சுற்றி வருவதுபோல் தெரிகிற துருவ நட்சத்திரம் அதுதான். இன்றைக்கு நாம் துருவ நட்சத்திரம் என்று காட்டுவது வேறொன்று. பம்பரம் ஓய்கிற நேரத்தில் தலையாட்டுமே, அதுபோலப் பூமியின் அச்சும் மெல்லத் தலையாட்டுகிறது. ஒரு சுற்று முடிய ஏறக்குறைய 26,000 ஆண்டுகள் ஆகும். அச்சு நகர நகர, துருவப் பதவியும் கை மாறிக்கொண்டே போகிறது.

பிள்ளைகள் பிடித்துக்கொண்டது இந்த இடத்தைத்தான். எங்கள் டிராகன் வெறும் அரக்கன் இல்லை, பதவி போன பழைய ராஜா. "வானமே என்னைச் சுற்றி வந்த காலம் உண்டு. என் சிம்மாசனத்தில் நேற்றுப் பிறந்த பெண் உட்கார்ந்திருக்கிறாளே" என்றுதான் திரைக்குப் பின்னாலிருந்து விருத்தம் பாடிக்கொண்டே வருகிறான். அந்த விருத்தத்தை எழுதியது டிராகன் தலைக்குள் நிற்கிற பையன். அவன் அப்பாவுக்குப் போன வருஷம் வேலை போனது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

ராணி சபைக்கு வந்ததும் குடிமக்கள் கணக்குக் கேட்கிறாள். கட்டியங்காரன் நோட்டைப் புரட்டி, "பத்தாயிரம் கோடிக்குக் குறையாது தாயே, வீடு வீடாக ஆள் அனுப்பினோம், பாதிப் பேர் கதவைத் திறக்கவில்லை" என்கிறான். பால்வீதியில் உள்ள விண்மீன்களின் கணக்கு அது. "முழுசாக யாராவது எண்ணினார்களா?" என்று அவள் கேட்டால், "நுங்கம்பாக்கத்தில் ஆரம்பித்தார்கள், பதினோராயிரத்தோடு நோட்டு தீர்ந்துவிட்டது" என்பான். சிரிப்புக்காகச் சொல்வதுதான், ஆனால் பொய்யில்லை. கிழக்கிந்தியக் கம்பெனி 1792-இல் நுங்கம்பாக்கத்தில் வானாய்வுக் கூடம் கட்டியது. அங்கிருந்து 1844-இல் வெளிவந்த பட்டியலில் சுமார் 11,000 விண்மீன்கள் இருந்தன. அங்கே வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-இல் ஒளி கூடிக் குறையும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தார். இதே ஊரில் நின்று பார்த்துத்தான் கண்டுபிடித்தார் என்று சொன்னபோது பிள்ளைகள் நம்பவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. எங்கள் திடலில் நின்று அண்ணாந்து பார்த்தால் உயர்கோபுர விளக்கின் எட்டு பல்பும் அதைச் சுற்றும் பூச்சியும்தான் தெரியும்.

விளக்கு வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. அது வருவதற்கு முன்னால் அந்தத் திடலில் பொழுது சாய்ந்த பிறகு என்னென்ன நடந்தது என்பது எங்களுக்குத் தெரியும். விளக்குக்காக மனு எழுதியவர்களில் நானும் ஒருவன். இப்போது அதே விளக்கை அரை மணி நேரம் அணையுங்கள் என்று எழுத எனக்கே கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

நடந்தது இதுதான். போன ஆடி மாதம், ராத்திரி ஒன்பது மணி சுமாருக்குத் திடலில் ஒத்திகை. டிராகன் பதினெட்டு அடி நீளம். மூங்கில் பட்டையில் கூடு கட்டி, என் கடையில் கிழிந்துபோன டியூப்களை வெட்டிச் செதில் தைத்திருக்கிறோம். உள்ளே ஏழு பையன்கள். கண்ணுக்கு ஆட்டோ இண்டிகேட்டர் பல்பு இரண்டு. ராணிக்கு அப்பாவின் பழைய கிரீடம், கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கிக் கண்ணாடித் துண்டு ஒட்டியது. அவள் தலைக்குப் பெரிசு என்பதால் உள்ளே துண்டைச் சுருட்டி வைத்துக் கட்டியிருந்தோம். டிராகன் வாயைத் திறந்து சிவப்புத் துணியை உதறியது. அவள் வாளை ஓங்கினாள். சொல்லி வைத்த மாதிரி அந்த நேரத்தில் கரண்ட் போனது. டிரான்ஸ்பார்மர் வெடித்த சத்தம் கேட்டது. திடல், தெரு எல்லாம் இருட்டு.

முதலில் கத்தினார்கள், சிரித்தார்கள், டிராகனுக்குள் யாரோ யார் காலையோ மிதித்துவிட்டார்கள். அப்புறம் மெல்ல மெல்லச் சத்தம் அடங்கியது. கால் மணி நேரம் போயிருக்கும். ராணி வேஷக்காரி கிரீடம் விழாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டே வடக்கே அண்ணாந்து பார்த்து, "வாத்தியாரே, அங்க ரெண்டு கண்ணு" என்றாள். வானத்தில் பாதி உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, பக்கம் பக்கமாக இரண்டு விண்மீன்கள். ஒன்று கொஞ்சம் பிரகாசம், இன்னொன்று மங்கல். எல்டானின், ரஸ்தபான். டிராகனின் தலையில் இருக்கும் இரண்டு கண்கள். ஏழு பையன்களும் கூட்டுக்குள்ளிருந்து ஒவ்வொருவராக வெளியே வந்து பார்த்தார்கள். எட்டு வயது வாண்டு மட்டும் என் லுங்கியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அன்றைக்கே கதையின் முடிவை மாற்றிவிட்டார்கள். முன்பு ராணி டிராகனைக் கொல்வதாக இருந்தது. பேனரில் 'டிராகன் வதம்' என்று எழுதியும் ஆயிற்று. இப்போது சண்டைக்குப் பதில் தர்க்கம். டிராகன் நெருப்புக் கக்கினால் விண்மீன்கள் எரிந்து போவதில்லை. அந்த வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாமல் போகின்றன. குடிமக்கள் எல்லாரும் செத்துவிட்டார்கள் என்று சபையே அழுகிறது. ராணி மட்டும் நம்ப மறுக்கிறாள். டிராகன் முன்னால் ஒரு பம்பரத்தைச் சுற்றிவிட்டு, "நாற்காலியை நான் பறிக்கவில்லை தாத்தா, அது தானே நகர்ந்தது. என்னிடமிருந்தும் நகரும். இன்னும் 21,000 வருஷத்தில் உன்னிடமே திரும்பி வரும். அதுவரை நெருப்பை அணைத்துவிட்டுப் பக்கத்தில் இரு" என்கிறாள். டிராகன் யோசித்துவிட்டு வாயை மூடுகிறது. அந்த நொடியில் திடல் விளக்கு அணைய வேண்டும். குடிமக்கள் சாகவில்லை என்பதைச் சனங்கள் தங்கள் கண்ணாலேயே பார்க்க வேண்டும்.

இந்த இடத்தை நாங்கள் வேறெப்படியும் நடிக்க முடியாது. சீரியல் பல்பு கட்டலாமே என்று சிலர் சொன்னார்கள். கட்டிப் பார்த்தோம். ஜவுளிக்கடைத் திறப்புவிழா மாதிரி இருந்தது.

அரை மணி நேரம் எதற்கு என்றால், கண் இருட்டுக்குப் பழகவே இருபது நிமிஷமாவது வேண்டும். அணைத்த உடனே பார்த்தால் ஒன்றும் தெரியாது. சனங்கள் செல்போனை எடுத்துவிடுவார்கள். அந்த இருபது நிமிஷத்துக்கும் முகவீணையும் பாட்டும் மட்டும் வைத்திருக்கிறோம்.

நாள், ஆடி அமாவாசைக்கு முந்திய சனிக்கிழமை. தேய்பிறை நிலா நடுராத்திரிக்கு மேல்தான் எழும் என்பதால் வானம் இருட்டாக இருக்கும். டிராகனின் கண் இரண்டும் ஒன்பது மணிக்கு வடக்கே ஏறி நிற்கும். மேகம் மூடிக்கொண்டால் அதற்கு மாநகராட்சி பொறுப்பில்லை என்று வேண்டுமானால் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறோம். கூத்து ஏழு மணிக்கு ஆரம்பித்து 9.45-க்கு முடிந்துவிடும். பத்து மணிக்கு மேல் மைக் கூடாது என்பது தெரியும். அப்பா இருந்திருந்தால், பத்து மணி கூத்து ஆரம்பிக்கிற நேரமாச்சே என்று திட்டியிருப்பார், அது வேறு. தீப்பந்தமும் இல்லை, குங்கிலியமும் வீச மாட்டோம். நெருப்புக்குச் சிவப்புத் துணியும் ஒரு டேபிள் ஃபேனும்தான்.

இருட்டில் பாதுகாப்பு என்ன என்ற கேள்வி தங்களுக்கு வரும், வர வேண்டியதுதான். சுற்றியுள்ள தெரு விளக்கு எதையும் அணைக்கச் சொல்லவில்லை, திடலின் நடுவில் உள்ள கோபுர விளக்கு ஒன்றை மட்டும்தான். பெற்றோர் பன்னிரண்டு பேர் திடலின் நான்கு மூலையிலும் வாசலிலும் டார்ச்சோடு நிற்பார்கள். டார்ச் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டியிருக்கும், சிவப்பு வெளிச்சம் இருட்டுக்குப் பழகிய கண்ணை அவ்வளவாகக் கெடுக்காது. பெண்களும் குழந்தைகளும் நடுவில் ஜமக்காளத்தில் உட்காருவார்கள். ஏதாவது ஒன்று என்றால் உடனே விளக்கைப் போட, தங்கள் மின் பணியாளர் ஒருவர் சுவிட்ச் பெட்டி பக்கத்திலேயே இருக்க வேண்டும். அவருக்கு முன்வரிசையில் நாற்காலி உண்டு. காவல் நிலைய அனுமதிக்குத் தனியாக மனு கொடுக்கிறோம்.

போன வருஷமே இதைக் கேட்டு அலைந்தேன். ஒரு அலுவலகத்தில் இன்னொரு அலுவலகத்தைக் கைகாட்டினார்கள், அங்கே போனால் மூன்றாவதைக் காட்டினார்கள். ஓரிடத்தில், "டிராகன்னா எந்தக் கட்சி?" என்று கேட்டார்கள். விண்ணப்பத்தில் நிகழ்ச்சியின் வகை என்ற கட்டத்தில் கோயில் விழா, பொதுக்கூட்டம், விளையாட்டு என்று இருந்தது. எதில் டிக் அடிப்பது என்று அவர்களுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அதற்குள் ஆவணி போய் மழை வந்துவிட்டது. யாரையும் மாட்டிவிட இதை எழுதவில்லை. இந்த வருஷம் வைகாசியிலேயே நேராகத் தங்களிடம் வந்திருப்பதற்குக் காரணம் அதுதான்.

விசேஷ நாட்களில் ரிப்பன் மாளிகைக்கு வண்ண விளக்குப் போடும்போது குடும்பத்தோடு வந்து பார்க்கிறவர்கள் நாங்கள். விளக்கை அணைத்தும் ஒருநாள் பார்க்கக் கொடுங்கள் என்று கேட்கிறோம்.

எனவே ஐயா அவர்கள், மேற்படி சனிக்கிழமை மாலை 4 மணி முதல் இரவு 10 மணி வரை திடலைப் பயன்படுத்தவும், இரவு 8.50 முதல் 9.20 வரை உயர்கோபுர விளக்கை அணைத்து வைக்கவும், ஒரு மின் பணியாளரை அனுப்பவும் ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். ஆனி முடிவதற்குள் பதில் கிடைத்தால் உதவியாக இருக்கும். டிராகனின் வால் இன்னும் நாலு அடி பாக்கி இருக்கிறது, பேனரிலும் 'வதம்' என்பதை அழித்துத் 'தர்க்கம்' என்று எழுத வேண்டும்.

இணைப்பு: பெற்றோர் 31 பேர் கையெழுத்து, திடலின் வரைபடம் (ராணி வேஷக்காரி வரைந்தது, சுவிட்ச் பெட்டி சிவப்பில் குறிக்கப்பட்டுள்ளது).

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கூத்து வாத்தியாரும் பெற்றோரும்

இடம்: வியாசர்பாடி