அப்பா எழுதுவது

அன்புள்ள செந்திலுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி கொஞ்சம் தேவலை.

பெங்களூரில் 14 மாடிக்கு வெளிப்பூச்சு எடுத்திருக்கிறாயாம், உன்னை நம்பி ஆறு பேர் வேலை செய்கிறார்களாம். தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன். ஆனால் பொங்கலுக்கு அப்புறம் நீ இரண்டு நிமிஷம் சேர்ந்தாற்போல் பேசவில்லை. போன வாரம் வீடியோவிலும் வலது கையால்தான் போனைப் பிடித்திருந்தாய். சோறு தவிர எல்லாவற்றுக்கும் இடது கையை நீட்டுகிறவன் நீ. சரி, களைப்பாக இருந்திருக்கும்.

தொங்கு சாரத்தில் ஏறினால் பெல்ட் போடு. கட்டடத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்தாயா?

சங்கமெல்லாம் உங்கள் காலத்தோடு போச்சு என்றாய். அன்றைக்கு அம்மா முன்னால் பதில் சொல்லவில்லை. 1979இல் கட்டடத் தொழிலாளர் சங்கம் தொடங்கினார்கள். கொத்தனார், சித்தாள், தச்சர், பெயிண்டர் எல்லோருக்கும் ஒரே கொடி. 1982இல் தமிழ்நாட்டில் தொழிலாளர் நலச் சட்டம் வந்தது, நல வாரியம் வர 1994 ஆகிவிட்டது. அந்த 12 வருஷமும் ஊர்வலம் போன நாளெல்லாம் கூலி கிடையாது. அம்மா அக்கம்பக்கத்தில் அரிசி கடன் வாங்கினாள். 1996இல் மத்திய சட்டம் வந்தது. அதனால்தான் நீ இருக்கும் ஊரிலும் வாரியம் இருக்கிறது. வருஷத்தில் 90 நாள் வேலை பார்த்திருந்தால் போதும். உன் ஆறு பேரையும் பதியச் சொல். பெல்ட் போடு.

உன் சித்தப்பா ஏன் நம் வீட்டுக்கு வருவதில்லை என்று சின்ன வயதில் கேட்பாய். 1987இல் இரண்டாவது மாடிச் சாரத்தில் கயிறு அவிழ்ந்து விழுந்தான். கையில் பட்டிக் கரண்டி அப்படியே இருந்தது. சங்கம் நஷ்டஈடு கேட்டது. குடித்திருந்தான் என்று நிரூபித்துவிட்டால் தர வேண்டியதில்லை. மேஸ்திரி என்னைத்தான் கேட்டார். அவன் குடிக்கவில்லை. காலையில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே டீயைப் பாதியாக்கிக் குடித்துவிட்டு ஏறினோம். எனக்கு அடுத்த வேலை போய்விடுமோ என்ற பயம். தலையைக் குனிந்து நின்றேன். அதை அவர்கள் ஆமாம் என்று எழுதிக்கொண்டார்கள். அவன் கால் கடைசிவரை நேராகவில்லை. நான் சந்தாவை ஒரு மாதம்கூட விடாமல் கட்டியது அதற்கப்புறம்தான்.

அங்கே யாராவது உன் காகிதத்தில் எதையாவது எழுதிக் கையெழுத்துக் கேட்டால் போடாதே. எனக்குப் போன் செய், நான் ராத்திரி பஸ்ஸில் வந்துவிடுவேன். அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வா. போனை இடது கையில் பிடித்துக்கொண்டு பேசு.

அப்பா