ஊட்டிக் குளிரில் கோல்ஃப் பந்து ஏன் முன்னாடியே விழுகிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மலை ஊர்களில் விளையாடுவது பற்றி உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் காற்று மெலிதாக இருப்பதால் கோல்ஃப் பந்து சமவெளியைவிடத் தூரமாகப் போகும், அதனால் ஒரு கிளப் சின்னதாக, அதாவது தூரம் கொஞ்சம் குறைவாகப் போகும் மட்டையாக எடுத்தால் போதும் என்று அதில் எழுதியிருந்தார்கள். மே மாதத்து மத்தியானத்துக்கு அது சரி. ஜனவரி மாதம் காலை ஏழு மணிக்கு அதை நம்பி அடித்தால் பந்து, குழியைச் சுற்றியுள்ள புல்தரையான கிரீனுக்கு முன்னால் இருக்கும் பங்கரில், அதாவது மணல் பள்ளத்தில்தான் கிடக்கும். முப்பது வருடமாக இந்த ஊர்ப் பனியில் விளையாடுகிறவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

எழுதத் தூண்டியது என் தங்கை மகன். சென்னையில் விளையாடும் பையன், பதினாறு வயது, செவன் அயர்னில் சுத்தமாக 150 கெஜம் அடிப்பான். பொங்கல் லீவுக்கு இங்கே வந்திருந்தான். முதல் நாள் காலை 150 கெஜத்துக்கு எய்ட் அயர்ன் எடுத்தான் (அயர்ன் மட்டைகளில் எண் கூடினால் தூரம் குறையும்), மலை அல்லவா, யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். பந்து நன்றாகத்தான் பட்டது, சத்தமே சொல்லியது. ஆனால் பதினைந்து கெஜம் முன்னாடியே விழுந்துவிட்டது. அடுத்த குழியிலும் அதே கதை. மூன்றாவதில் பலத்தைக் கூட்டி வீசினான், பந்து வலது பக்கம் புதருக்குள் போனது. அன்று மாலை வீட்டுக்கு வந்ததும், “மாமா, என் ஸ்விங் போயிடுச்சு” என்று ஊரில் இருக்கும் கோச்சுக்குப் போன் செய்தான். அவரும் பிடியை மாற்று, தோளைத் திருப்பு என்று ஏதேதோ சொல்லியிருக்கிறார். எனக்கு மனசு கேட்கவில்லை. பையன் ஸ்விங்கில் ஒரு கோளாறும் இல்லை.

முதலில் காற்றுக் கணக்கைப் பார்ப்போம், ஏனென்றால் அதில்தான் எல்லோரும் பாதியோடு நின்றுவிடுகிறார்கள். சென்னையில் 30 டிகிரி வெயிலில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 1.15 கிலோ எடை இருக்கும். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரம், காற்றழுத்தமே கால்வாசி குறைவு, அதனால் மே மாதம் இருபது டிகிரியைத் தாண்டிய மத்தியானத்தில் அதே ஒரு கன மீட்டர் சுமார் 0.91 கிலோதான். இழுத்துப் பிடிக்கக் காற்று இல்லாததால் பந்து ஓடும். ஆயிரம் அடி உயரத்துக்கு ஒரு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல் தூரம் கூடும் என்பது ஆட்டக்காரர்கள் பொதுவாக வைத்திருக்கும் கணக்கு. அப்படிப் பார்த்தால் நமக்கு எட்டு சதவீதம் கிடைக்கும், 150 கெஜம் 162 ஆகும். 2017 முதல் 2020 வரை மெக்சிகோ நகரத்தில் சாபுல்தெபெக் மைதானத்தில் உலகப் போட்டி நடந்தபோது பெரிய ஆட்டக்காரர்கள் எல்லோரும் தங்கள் தூரக் கணக்கை மாற்றிக்கொண்டுதான் ஆடினார்கள். அந்த மைதானமும் கிட்டத்தட்ட நம் ஊட்டி உயரம்தான்.

ஆனால் குளிர்ந்தால் காற்று சுருங்கி அடர்த்தியாகிவிடும். பனிக்காலத்துக் காலையில் இங்கே இரண்டு, மூன்று டிகிரிக்கு இறங்கிவிடுகிறது, தலைகுந்தா பக்கம் சில நாள் பூஜ்யத்தைத் தொடுகிறது. அப்போது அந்தக் கன மீட்டர் 0.98 கிலோவாகிறது. மே மாதத்தைவிட ஏழெட்டு சதவீதம் கனமான காற்று. அப்படியும் சென்னைக் காற்றைவிட லேசுதான், கவனியுங்கள். அதாவது காற்று ஒன்றை மட்டும் வைத்துப் பார்த்தால் என் மருமகன் பந்து சென்னையைவிட ஏழெட்டு கெஜம் கூடத்தான் போயிருக்க வேண்டும். போகவில்லையே, ஏன்?

(இடையில் ஒன்று. சென்னைக் காற்று ஈரமாக இருப்பதால் கனம், அதில் பந்து போகாது என்று நிறைய பேர் நம்புகிறார்கள். நேர்மாறானது உண்மை. நீராவி காற்றைவிட லேசானது, புழுக்கமான நாளில் காற்றின் எடை துளி குறையத்தான் செய்யும்.)

மீதி இரண்டு காரணங்களும் நம் கையில் இருப்பவை. ஒன்று பந்து. அதன் நடுவில் இருப்பது ரப்பர். மட்டை படும்போது அது அமுங்கி, பிறகு திமிறிக்கொண்டு வெளியே வரும் வேகம்தான் தூரம். குளிர்ந்த ரப்பர் விறைத்துவிடும், அந்தத் திமிறல் இருக்காது, கையிலேயே கல்லை அடித்த மாதிரி தெரியும். எங்கள் வீட்டில் என்ன நடந்தது தெரியுமா, பையை எடுத்து உள்ளே வைக்கச் சோம்பல்பட்டு ராத்திரி முழுக்க கார் டிக்கியிலேயே விட்டிருக்கிறான். டிக்கிக்குள் உறைபனிக் குளிர். ரப்பர் சீக்கிரம் குளிராது, ஆனால் குளிர்ந்துவிட்டால் சீக்கிரம் சூடும் ஏறாது. பந்தைக் காலையில் கொஞ்ச நேரம் பாக்கெட்டில் வைத்தால் மேல்தோல் கதகதப்பாகும், உள்ளே அப்படியே இருக்கும். அதனால் ராத்திரியே பந்துகளை வீட்டுக்குள், நாம் தூங்கும் அறையில் வைக்க வேண்டும். அவ்வளவுதான் செய்ய வேண்டியது. கைச்சூடு பைகளை வைத்துப் பந்தைச் சூடேற்றி ஆடுகிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம், பந்தின் தன்மையை வேண்டுமென்றே சூடாக்கி மாற்றி அதில் அடித்தால் போட்டியிலிருந்தே நீக்கிவிடுவார்கள், விதிப் புத்தகத்தின் நான்காவது விதியில் தெளிவாக இருக்கிறது.

இரண்டாவது உடம்பு. இதுதான் பெரிய காரணம் என்பது என் அனுபவம். உள்ளே ஒரு பனியன், மேலே ஸ்வெட்டர், அதற்கு மேல் ஜெர்கின், தலையில் குல்லா, விரல் நுனி மரத்துப்போன கை. இதில் தோள் எப்படி முழுசாகத் திரும்பும்? கிளப்பின் வேகம் மணிக்கு ஒரு மைல் குறைந்தால், ட்ரைவர் என்னும் நீள அடிக்கான மட்டையில் இரண்டரை கெஜம் போய்விடும் என்பார்கள். நாலு மைல் குறைந்தால் பத்து கெஜம், அதைக் குறைப்பது ஒரு தடித்த ஸ்வெட்டருக்குப் பெரிய வேலையே இல்லை. அப்புறம் தரை. விடியற்காலையில் உறைபனியில் தரை இறுகிக் கிடக்கும், பந்து எகிறி எங்கேயோ ஓடும். ஒன்பது மணிக்குப் பனி உருகியதும் அதே இடம் சொதசொதவென்று ஆகிவிடும், விழுந்த இடத்திலேயே நிற்கும், ட்ரைவரில் உருண்டோட்டமே கிடைக்காது. ஒரே மைதானம், இரண்டு மணி நேர வித்தியாசம்.

இதெல்லாம் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடக்கும் நம் கேடிகளுக்குத் தெரியும். அன்று பையனுடன் நடந்த பெரியவர் இரண்டாவது குழியிலேயே, “ஒரு கிளப் பெருசா எடுங்க தம்பி, பந்து இன்னும் முழிக்கல” என்று சொன்னார். பையன் கேட்கவில்லை. மறுநாள் நான் செய்யச் சொன்னது மூன்றுதான். பந்துகளைப் படுக்கும் அறையில் வைத்தான், ஆட்டத்துக்கு முன்னால் பதினைந்து நிமிஷம் மேட்டில் ஏறி இறங்கி நடந்து வேர்க்க விட்டான், எய்ட் அயர்ன் எடுக்கும் இடத்தில் செவன் எடுத்து முக்கால் பலத்தில் மெதுவாக வீசினான். பந்து கிரீனில் உட்கார்ந்தது. வெயில் ஏறிப் பதினோரு மணிக்கு ஜெர்கினைக் கழற்றியபோது அதே செவன் அயர்ன் கிரீனைத் தாண்டிப் போனது, அப்போதுதான் எய்ட் அயர்னைக் கையில் கொடுத்தேன்.

சமவெளியிலிருந்து பிள்ளைகளை அனுப்பும் கோச்சுகளிடம் உங்கள் பத்திரிகை வழியாகக் கேட்டுக்கொள்கிறேன், குளிரில் தூரம் குறைந்தால் பிள்ளையின் ஸ்விங்கில் கை வைக்காதீர்கள். நாலு நாள் குளிருக்காக மாற்றிய பிடியைத் திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவர நாலு மாதம் ஆகும், அதற்குள் பிள்ளைக்கு ஆட்டமே வெறுத்துவிடும். நான் பார்த்திருக்கிறேன்.

போட்டி நடத்துகிறவர்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். தைப்பனி தரையைத் துளைக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்? உறைபனி படிந்த புல்லின் மேல் கால் வைத்தால் உள்ளே இருக்கும் ஐஸ் புல்லின் திசுவைக் கிழித்துவிடும், பிறகு நாள் கணக்கில் காலடித் தடம் பழுப்பாகக் கிரீனில் தெரியும். அதனால்தான் குளிர் நாடுகளில் பனி உருகும்வரை யாரையும் மைதானத்துக்குள் விடுவதில்லை. இங்கேயும் டிசம்பர், ஜனவரியில் முதல் ஆட்டத்தை எட்டரை மணிக்கு மேல் வைத்தால் புல்லும் பிழைக்கும், பிள்ளைகளின் கையும் ஓரளவு இளகியிருக்கும். ஆறு மணிக்கே வந்து, கையில் உறைகூட இல்லாமல், பையைச் சுமந்துகொண்டு பனியில் நிற்கும் கேடிகளுக்கு அந்த இரண்டரை மணி நேரம் அடுப்புப் பக்கம் உட்கார்ந்து டீ குடிக்கக் கிடைக்கும்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகர்,
உதகமண்டலம்