பிரம்பைக் கீழே வைத்துவிட்டு உண்மையைக் கேளுங்கள்

மதிப்பிற்குரிய தாளாளர், தலைமை ஆசிரியர், பெற்றோர் ஆசிரியர் கழக நிர்வாகிகள் அனைவருக்கும் வணக்கம்.

எட்டாம் வகுப்பில் ஜன்னல் கண்ணாடி உடைந்த விஷயம் உங்களுக்குத் தெரியும். அதற்கான பணத்தைக் கட்டி ரசீதும் வாங்கிவிட்டேன். பந்தடித்தவன் என் மகன், கட்ட வேண்டியது நான்தான். இந்த மடல் அதற்கு அப்புறம் நடந்ததைப் பற்றியது.

"யாருன்னு உண்மையைச் சொல்லிட்டா ஒண்ணும் பண்ண மாட்டேன்" என்றாராம் ஆசிரியர். கூட விளையாடிய பிள்ளைகள் தெரியாது என்று தலையைக் குனிந்துகொண்டார்கள். இவன் எழுந்து, "நான் அடிச்ச பந்துதான் சார்" என்றிருக்கிறான். உள்ளங்கையில் பிரம்படி விழுந்தது. தெரியாது என்றவர்களுக்கு ஒன்றும் இல்லை. அன்று இரவு சோற்றைப் பிசைய முடியாமல் ஸ்பூனில் சாப்பிட்டான். கைத்தடிப்பு சீக்கிரமே வற்றிவிட்டது. ஆனால் சாப்பிடும்போது அவன் அம்மாவிடம், "நானும் தெரியாதுன்னே சொல்லியிருக்கலாம்ல?" என்று கேட்டானே, அதற்கு எங்கள் இருவரிடமும் பதில் இல்லை. உங்களிடம் இருந்தால் சொல்லுங்கள்.

அந்த ஆசிரியர் மேல் எனக்குத் தனிப்பட்ட கோபம் கிடையாது. கணக்கை அவர் மாதிரி யாரும் நடத்த மாட்டார்கள் என்று இவனே சொல்வான். நான் கேட்பது ஒன்றுதான்: வகுப்பறையில் பிரம்பு வேண்டாம். பிரம்போடு நின்று கேட்டால் பிள்ளைகள் தப்பிக்கத்தான் வழி பார்ப்பார்கள். அந்த வகுப்பின் கரும்பலகைக்கு மேலே, 'வாய்மை எனப்படுவது யாதெனின் யாதொன்றும் தீமை இலாத சொலல்' என்று பெயிண்டில் எழுதி வைத்திருக்கிறீர்கள். பிறருக்குத் தீங்கு செய்யாததைத்தான் வள்ளுவர் உண்மைக்கே அளவுகோலாக வைத்தார். சொல்கிற பிள்ளைக்கு மட்டும்தானா அது, கேட்கிற பெரியவர்களுக்குக் கிடையாதா?

காந்தி பதினைந்து வயதில் அண்ணன் கைக்காப்பிலிருந்து கொஞ்சம் தங்கத்தைத் திருடினார். மனசு கேட்காமல் அதை ஒரு சீட்டில் எழுதி, நோயில் படுத்திருந்த அப்பாவிடம் கொடுத்தார். படித்த அப்பா திட்டவில்லை. கண்ணீர் விட்டார், சீட்டைக் கிழித்துப் போட்டார். அகிம்சைக்குத் தனக்குக் கிடைத்த நேரடிப் பாடம் அது என்று பின்னாளில் காந்தி எழுதினார். அவரே தென்னாப்பிரிக்காவில் டால்ஸ்டாய் பண்ணையில் பிள்ளைகளுக்குப் (அதில் தமிழ்ப் பிள்ளைகளும் உண்டு) பாடம் நடத்தியபோது, சொன்ன பேச்சு கேட்காத ஒரு பையனை ரூலரால் ஓர் அடி அடித்துவிட்டார். அடிக்கும்போதே உடம்பு நடுங்கியதாம். பல வருஷம் கழித்து எழுதும்போதும் அதற்காக வருந்தினார். நம் பள்ளியில் யாருக்காவது நடுங்கியதா என்று நான் கேட்கப் போவதில்லை.

அக்டோபர் 2ஆம் தேதி மாறுவேடப் போட்டிக்கு வேட்டி, வட்டக் கண்ணாடி, கைத்தடி எல்லாம் கொடுத்தனுப்பச் சொல்லிச் சுற்றறிக்கை வந்திருக்கிறது. வேட்டியும் கண்ணாடியும் தருகிறோம். தடிக்கு நாங்கள் ஏன் கடை கடையாக அலைய வேண்டும், அதுதான் பள்ளியிலேயே இருக்கிறதே!

பெற்றோர்களும் யோக்கியம் இல்லை. பிள்ளையைச் சேர்க்கும்போதே "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்" என்று பெருமையாகச் சொல்கிறோம். அடியாத மாடு பணியாது என்று வீட்டிலும் கை ஓங்குகிறோம். அப்புறம் அதே பிள்ளை மார்க்கை மறைத்தால், "பொய் சொல்ல எங்கேடா கத்துக்கிட்ட?" என்று அதற்கும் ஒரு அடி. சரி, அது தனிக் கதை.

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு பிள்ளைகளை அடிப்பதைத் தடை செய்திருப்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதை வைத்து மிரட்டவும் வரவில்லை. எந்த வகுப்பிலும் இனிப் பிரம்பு இருக்காது என்று ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். உண்மையைச் சொன்னது சரிதான் என்று அதே வகுப்பில், அதே பிள்ளைகள் முன்னால், என் மகனிடம் ஒரு வார்த்தை சொல்லும்படி அந்த ஆசிரியரிடம் சொல்லுங்கள். அடுத்த பெற்றோர் கூட்டத்துக்குள் இதைச் செய்துதருமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். மாவட்டக் கல்வி அலுவலர் வரை என்னை எழுத வைக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவனின் அப்பா