நம் புகைப்படச் சங்கத்தின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, வந்திருக்கிற உறுப்பினர்களே, வணக்கம்.

நிகழ்ச்சிகளை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். ஆகஸ்ட் 19, உலகப் புகைப்பட நாளில் கண்காட்சி வைத்தோம். அழகர் ஆற்றில் இறங்கும் காலையில் கூட்டாகப் படமெடுக்கப் போய், நெரிசலில் தனித்தனியாகத் திரும்பினோம். யானைமலைக்கு ஒரு நடை போனோம். செயற்குழு அவ்வப்போது கூடியது. கூட்டம் நடத்தத் தேவையான ஆள் கணக்கு (கோரம்) இருந்ததா என்று கேட்காதீர்கள்.

இந்த ஆண்டின் உருப்படியான வேலை, மாதக் கடைசி ஞாயிறு மாலை நடந்த பட விமர்சனக் கூட்டம்தான். நான் தொடங்கியது என்பதால் அதைப் பற்றியே பேசுகிறேன் என்று சிலர் சொல்வார்கள். சொல்லட்டும்.

சங்கத்துக்குப் புதிதாக வருகிறவரின் படத்தை வீட்டில் எல்லோரும் 'சூப்பர்' என்றிருப்பார்கள். இங்கே வந்தால் ஒரு மூத்தவர் 'நல்லாருக்கு தம்பி' என்பார், இன்னொருவர் 'இதெல்லாம் ஒரு படமா' என்பார். இரண்டையும் கேட்டுவிட்டு அந்தத் தம்பி அடுத்த படத்தில் எதை மாற்றுவார்? அதனால்தான் சில விதிகள் வைத்தோம். படம் பிரிண்டாக வர வேண்டும். யார் எடுத்தது என்று சொல்லாமலே பேச்சு நடக்கும்; எல்லோரும் பேசி முடித்த பிறகுதான் எடுத்தவர் வாய் திறக்கலாம். குறை சொல்கிறவர் பிரிண்டில் அந்த இடத்தைத் தொட்டுக் காட்ட வேண்டும். அடுத்த மாதம் அதே படத்தைத் திருத்தி எடுத்து வர வேண்டும்.

அலங்காநல்லூரில் எடுத்த படம் ஒன்று வந்தது. 'ஷேக் ஆகியிருக்கு' என்று ஒரே பேச்சில் ஒதுக்கப் பார்த்தார்கள். எங்கே என்று தொட்டுக் காட்டச் சொன்னேன். காளையின் கொம்பு இழுபட்டிருந்தது. பின்னால் இருந்த தடுப்புக் கட்டை கூர்மையாக நின்றது. அப்படியானால் ஆடியது கை இல்லை. 1/125 வினாடி ஷட்டர் வேகம் காளைக்குப் போதவில்லை, அவ்வளவுதான். கட்டையும் சேர்ந்து கலங்கியிருந்தால் கேமராவைப் பிடிக்கிற விதத்தைத் திருத்த வேண்டும். காளை மட்டும் என்றால் ஷட்டரை 1/1000க்கு ஏற்றி, குறைகிற வெளிச்சத்துக்கு ஈடாக, கேமராவின் ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓவை 200இலிருந்து 1600க்குக் கொண்டுபோக வேண்டும். அதனால் படத்தில் கொஞ்சம் புள்ளி விழுந்தால் விழட்டும். அடுத்த மாதம் மறுபடி காளையை அவிழ்த்துவிட முடியாதே! அந்தத் தம்பி சாலையில் போகிற பைக்குகளை எடுத்துப் பழகி வந்தார். எல்லாம் பளிச்சென்று இருந்தன.

ஒரு மாணவி திருமலை நாயக்கர் மகாலின் தூண்களைக் கொண்டுவந்தார். தூண்கள் மேலே போகப் போக உள்பக்கம் சாய்ந்தன. உச்சி தெரிய வேண்டும் என்று கேமராவை அண்ணாந்து பிடித்ததால் வந்த வினை. பின்னால் தள்ளி நின்று கேமராவை நேராகப் பிடி, தரை அதிகமாக விழுந்தால் கிராப் செய்துகொள் என்றோம். கம்ப்யூட்டரிலேயே நிமிர்த்தலாமே என்றார் ஒருவர், அது ஏமாற்று வேலை என்றார் இன்னொருவர். 1858இல் இதே மகாலை மெழுகுத்தாள் நெகட்டிவில் எடுத்த ஆங்கிலேயப் புகைப்படக்காரர் லின்னேயஸ் டிரைப்பே, வெறும் வானத்தில் மேகத்தைக் கையால் தீட்டியவர். ஆகவே திருத்துவது ஒன்றும் பாவமில்லை. ஆனால் கற்றுக்கொள்கிற காலத்தில் நின்ற இடத்திலேயே திருத்துவது நல்லது என்றேன். அடுத்த மாதம் தூண்கள் நிமிர்ந்தே வந்தன; ஆள் ஒருவர் இல்லாமல் அவற்றின் உயரம் தெரியவில்லை என்று புதுக்குறை கிளம்பியது. அந்தப் பெண் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார். வெள்ளை வேட்டி சாம்பலாக விழுந்த படத்துக்கு, எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சத்தை இரண்டு மடங்காக, கூட்டச் சொன்னதையும் குறிப்பிட வேண்டும்.

விமர்சனம் மனதைப் புண்படுத்துகிறது என்று செயற்குழுவுக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் அந்தக் கூட்டத்துக்கு ஒரு தடவைகூட வந்ததில்லை.

எனக்குள்ள வருத்தம் வேறு. தொழிலில் ஊறிய நம் மூத்த உறுப்பினர்கள் ஒரு பிரிண்டைப் பார்த்ததும் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று சொல்லக்கூடியவர்கள். நானும் இன்னும் இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு சொல்வதை அவர்கள் அரை நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். அவர்கள் வருவதில்லை. கல்யாண வேலை என்கிறார்கள். முகூர்த்த நாளென்றால் சரி, நானும் கூப்பிட மாட்டேன். ஆடியிலும் மார்கழியிலும் எந்தக் கல்யாணம்?

வரவு செலவைப் பொருளாளர் தனியே படிப்பார். சுருக்கமாக, வந்தது வாடகைக்கும் பிரிண்டுக்கும் டீக்கும் போனது. கையிருப்பு இருக்கிறது, சொல்லிக்கொள்ளும் அளவில் இல்லை. புதியவர்கள் அனைவரும் சந்தா கட்டிவிட்டார்கள். பாக்கி வைத்திருப்பவர்கள் யார் என்று நீங்களே ஊகிக்கலாம். பெயர்களைப் படிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் படிக்கவில்லை. பட்டியல் என் சட்டைப்பையில் இருக்கிறது.

கூடம் தந்தவருக்கும், விலை குறைத்து பிரிண்ட் போட்டுத் தந்த லேப் நண்பருக்கும், செயற்குழுவுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இந்தப் பொறுப்பை வேறு யாராவது ஏற்றுக்கொண்டால் எனக்கு மகிழ்ச்சிதான். ஒருவரும் கை தூக்காவிட்டால் அப்புறம் பார்க்கலாம். யார் வந்தாலும் கடைசி ஞாயிறு நிற்கக் கூடாது. கூடத்தில் ஒற்றை ட்யூப் லைட்டில் பிரிண்ட் பார்க்கிறோம், நிழலுக்குள் இருக்கிற விவரம் தெரிவதே இல்லை. ஸ்டுடியோவில் சும்மா கிடக்கிற லைட் ஒன்றை யாராவது தந்தால் போதும். அதைக் கொண்டுவருகிற சாக்கில் உட்கார்ந்து நாலு படம் பார்த்துவிட்டுப் போகலாம். இந்த மாதக் கூட்டம் மாலை 5 மணிக்கு. இன்று டீக்கு முன்னால் பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு வாசலில் இருப்பார்.

இங்ஙனம்,
செயலாளர்