பிரிவினைப் பேச்சுவார்த்தைக்கு அமர்வோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பேச்சுவார்த்தையாளர்களே,

நாடு பிரியும் தேதியையும் புதிய கொடியையும் பற்றிப் பேச்சு எடுக்குமுன் ஆயுதக் கிடங்குகளின் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். எந்தக் கிடங்கு யார் கையில் என்பது தெரியாமல் கையெழுத்திடாதீர்கள்.

'பல நூற்றாண்டுப் பகை, அதனால்தான் ரத்தம் ஓடியது' என்பார்கள். அதை நம்பாதீர்கள். 1991 ஜூன் 25 அன்று ஸ்லோவேனியாவும் குரோஷியாவும் ஒரே நாளில் யூகோஸ்லாவியாவிலிருந்து விடுதலையை அறிவித்தன. எதிரே நின்றதும் ஒரே யூகோஸ்லாவிய ராணுவம். ஸ்லோவேனியாவில் சண்டை பத்து நாளில் ஓய்ந்தது; குரோஷியாவில் 1995 வரை நீண்டது. குரோஷியாவில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர் செர்பியர்கள். ஸ்லோவேனியாவில் மிகச் சிலரே. புதிய எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம் சிக்கியவர்களுக்கு யார் பாதுகாப்பு என்று எவரும் நம்பும்படி சொல்லவில்லை. அந்த அச்சத்தைத்தான் பெல்கிரேடில் இருந்த செர்பியத் தலைமை பயன்படுத்திக்கொண்டது.

போஸ்னியா இன்னும் கொடுமை. 1992 மே மாதம் யூகோஸ்லாவிய ராணுவம் வெளியேறுவதாக அறிவித்தது. ஆனால் போஸ்னியாவில் பிறந்த செர்பிய வீரர்களும் பீரங்கிகளும் அங்கேயே தங்கின. பெயர் மாறி போஸ்னிய செர்பியப் படையாயின. ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் மடிந்தார்கள். காகிதத்தில் மட்டும் வெளியேறும் படையை வெளியேறியதாகக் கணக்கில் எடுக்காதீர்கள்.

செக்கோஸ்லோவாக்கியாவில் கணக்கு முதலில் முடிந்தது. அசையாச் சொத்து இருக்கும் இடத்துக்கே. அசையும் சொத்து, ராணுவத் தளவாடம் உட்பட, மக்கள்தொகைப்படி செக்குக்கு இரண்டு பங்கு, ஸ்லோவாக்கியாவுக்கு ஒன்று. 1993 ஜனவரி 1 அன்று பிரிந்தார்கள். பொது நாணயம் ஆறு வாரம்கூடத் தாங்கவில்லை, ஆனால் அதற்கும் தயாராக இருந்தார்கள்: பிப்ரவரி 8 முதல் பழைய 100, 500, 1000 கொருனா தாள்களில் அவரவர் நாட்டு ஒட்டுவில்லையை ஒட்டிப் புழங்கவிட்டார்கள். பொதுவாக்கெடுப்பு மட்டும் நடத்தவில்லை. அது குறைதான், அதைப் பின்பற்றாதீர்கள்.

வாக்கெடுப்பு மட்டுமே போதாது என்பதற்கு சூடான் சாட்சி. 2011இல் தெற்கு சூடான் வாக்கெடுப்பில் வாக்களித்தவர்களில் 98.8 விழுக்காட்டினர் பிரிவினையை ஆதரித்தார்கள். இரு தரப்பும் உரிமை கோரிய அபியே பகுதி யாருக்கு, குழாயில் போகும் எண்ணெய்க்கு எவ்வளவு கட்டணம் என்ற இரண்டையும் தீர்க்காமலே ஜூலை 9இல் கொடியேற்றினார்கள். அடுத்த ஜனவரியில் தெற்கு எண்ணெய் உற்பத்தியை நிறுத்தியது. ஏப்ரலில் எல்லையோர எண்ணெய் வயலான ஹெக்லிக்கில் போர்.

ஆகவே தேதியோடு சேர்த்தே கிடங்குப் பட்டியல், படைவிலகலை நேரில் சரிபார்க்கும் ஏற்பாடு, குடியுரிமையைத் தேர்ந்தெடுக்க அவகாசம், சொத்து விகிதம் எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். 1905இல் நார்வேயும் சுவீடனும் கார்ல்ஸ்டாட்டில் உட்கார்ந்து, எல்லையின் இருபுறமும் படையற்ற பகுதி ஒன்றை வரைந்தார்கள். அதற்குள் இருந்த தன் எல்லைக் கோட்டைகளை நார்வே செயலிழக்கச் செய்ய வேண்டும் என்பதும் அந்த உடன்பாட்டிலேயே எழுதப்பட்டிருந்தது.