இரண்டு கையெழுத்து

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, ஆனாலும் மாடி ஏறிவிடுகிறேன். பேத்திக்கு வரன் அமைந்ததைப் படித்ததும் வீட்டில் பாயசம் வைத்தோம்.

"இருபது வருஷம் ஹாங்காங்கில் இருந்தாயே, அந்த ஜனங்களுக்கு நிஜமாகவே தேர்தல் வேண்டுமென்று இருந்ததா, இல்லை வெள்ளைக்காரன் கிளம்பும்போது கிளப்பிவிட்டதா?" என்று கேட்டிருந்தாய். ஜனங்கள் என்ன நினைத்தார்கள் என்பதைவிட, அவர்களிடம் எப்படிக் கேட்டார்கள் என்பதுதான் எனக்கு மறக்கவில்லை.

1984இல், ஹாங்காங்கைத் திருப்பிக் கொடுப்பது பற்றி பிரிட்டிஷார் சீனாவோடு பேசி முடித்த ஒப்பந்த வரைவை மக்கள் முன் வைத்து, கருத்தறிய ஓர் அலுவலகமே திறந்தார்கள். கூடவே, இதில் திருத்தம் கிடையாது, இது வேண்டாமென்றால் ஒப்பந்தமே இல்லாமல் 1997இல் ஊர் சீனாவிடம் போகும் என்றும் சொல்லிவிட்டார்கள். பந்தல் போட்ட பிறகு பெண்ணிடம் சம்மதமா என்று கேட்கிற மாதிரி. வேறென்ன சொல்வார்கள்?

1987 கதைதான் பெரிய கூத்து. அடுத்த வருஷமே சட்டமன்றத்துக்கு நேரடித் தேர்தல் வைக்கலாமா என்று மே மாதம் ஒரு பசுமை அறிக்கை, அதாவது முடிவெடுக்கும் முன் அரசாங்கம் கருத்துக் கேட்டு வெளியிடும் அறிக்கை, வந்தது. செப்டம்பர் வரை யார் வேண்டுமானாலும் கருத்து எழுதலாம். பீஜிங்கில் அப்போது அடிப்படைச் சட்டம், அதாவது 1997க்குப் பிறகு ஹாங்காங்கை ஆளப்போகும் சட்டம், எழுதிக்கொண்டிருந்தார்கள். அது முடிவதற்குள் தேர்தல் கூடாது என்பது அவர்கள் வாதம். எங்கள் அலுவலகத்தில் ஒருநாள் மேலாளர் அச்சடித்த தாள் ஒன்றை நீட்டினார். '1988இல் நேரடித் தேர்தல் வேண்டாம்.' பெயரும் கையெழுத்தும் போட்டால் போதும். பிழைக்கப் போன இடம், போட்டேன். அதே வாரம் சிம் ஷா சுய் படகுத்துறையில் மாணவர்கள் 'தேர்தல் வேண்டும்' என்று கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். அதிலும் போட்டேன். அதுதான் மனசாரப் போட்டது.

கடைசியில் 1,30,000க்கும் மேல் கடிதங்கள் வந்ததாகக் கணக்கு. அச்சடித்த தாள்கள் ஒவ்வொன்றும் ஒரு கடிதம். தேர்தல் கேட்டு 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் போட்ட கையெழுத்துகளை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்காமல் தனியே ஒதுக்கிவிட்டார்கள். ஆக, என் பொய் எண்ணிக்கையில் ஏறியது, நிஜம் ஏறவில்லை. 'கருத்து பிளவுபட்டிருக்கிறது' என்று சொல்லி 1991க்குத் தள்ளினார்கள், அதுவும் வெறும் 10 இடத்துக்கு.

அப்புறம் 1989 வந்தது. பீஜிங்கின் தியானன்மென் சதுக்கத்தில் ஜனநாயகம் கேட்டுப் போராடிய மாணவர்களை ராணுவம் ஒடுக்கிய செய்தி கேட்டு, 60 லட்சம்கூட இல்லாத ஊரில் லட்சக்கணக்கானவர்கள் தெருவுக்கு வந்தார்கள். அதுவரை அரசியலே பேசாத என் பக்கத்து வீட்டுக் காய்கறிக்கடைக்காரர்கூட சட்டையில் கறுப்புத்துணி குத்திக்கொண்டு போனார். 10 இடம் 18 ஆனது. 1991 செப்டம்பரில் நானும் வாக்களித்தேன். சீனச் சார்பு வேட்பாளர் ஒருவர்கூட அந்த 18இல் ஜெயிக்கவில்லை. வாக்களித்தவர்கள் 39 சதவீதம்தான், அதைக் காட்டி 'பார்த்தாயா, ஆர்வமே இல்லை' என்றவர்களும் உண்டு. எனக்கென்னவோ, சபையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத இடங்களுக்காக அத்தனை பேர் வரிசையில் நின்றதே அதிகம் என்று தோன்றியது.

சரி, கல்யாணத் தேதி குறித்தால் உடனே எழுது, ரயிலுக்கு முன்பதிவு செய்ய வேண்டும். பந்தல் போடுவதற்கு முன்பே பேத்தியிடம் கேட்டுவிட்டீர்கள்தானே?

உன்,
பழைய அறைத்தோழன்