திறக்கும் சுவர்

நியூ ஜெர்சி
ஜனவரி 18

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் நலம். அத்தைக்கு முழங்கால் வலி தேவலையா? வாசலில் முக்கால் அடிக்குப் பனி கிடக்கிறது. நீங்கள் கேட்ட யூத ஜெப ஆலய வேலைக்கும் இந்தப் பனிக்கும் சம்பந்தம் உண்டு.

பழைய ஆலயத்தை ஒட்டி, ஊர்ச் சமூகக் கூடமாகவும் புழங்கும்படி ஒரு ஹால் சேர்க்க வேண்டும். மற்ற நாளில் தொழுகைக்குக் கூட்டம் குறைவு. ரோஷ் ஹஷானா என்னும் யூதப் புத்தாண்டு, யோம் கிப்பூர் என்னும் நோன்பு நாள் வந்தால் இடம் கொள்ளாது. அந்தச் சில நாளுக்காகப் பெரிய கூடம் கட்டுவது வீண் என்பதால் நடுவில் திறக்கும் சுவர் வைக்கிறார்கள். செயின்ட் லூயிஸ் பக்கம் கட்டடக் கலைஞர் எரிக் மெண்டல்சான் கட்டிய ப்னாய் அமூனா ஜெப ஆலயத்திலேயே இந்த ஏற்பாடு இருந்தது.

தொழுபவர்கள் ஜெருசலேம் திசை பார்க்க வேண்டும். ஆகவே தோரா என்னும் வேதச் சுருள்களின் பேழை இங்கே கிழக்குச் சுவரில். ஹாலை மேற்கே, முதுகுப் பக்கம் சேர்ப்பதே சரி. பக்கவாட்டில் சேர்த்தால் பாதிப் பேர் கழுத்தைத் திருப்பியே உட்கார வேண்டும்.

சுவர் என்பது மேலே தண்டவாளத்தில் தொங்கும் பலகைகள். தரையில் தடம் கிடையாது. பாரம் முழுக்க பீமில். 12 அடிக்கு 1/8 அங்குலத்துக்கு மேல் தொய்யக் கூடாது. 36 அடித் திறப்புக்கு 3/8 அங்குலம்தான். பீம் தாங்குமா என்று மட்டும் பார்த்தால் மோசம் போவோம். கூரையில் பனி ஏறினால் நடுவில் தொய்ந்து, பலகை தரையில் உரசி நின்றுவிடும். கூரையைச் சுமக்காத தனி பீமைத் தனித் தூண்களில் வைப்பது உத்தமம். காசு மிச்சம் பிடிக்க இது இடமே இல்லை.

சத்தம் பலகை வழியாக வருவதைவிட ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே தாவித்தான் அதிகம் வரும். தண்டவாளத்துக்கு மேலும் கூரைத்தளம் வரை ஜிப்சம் பலகை அடித்து அடைக்க வேண்டும். ஏசி குழாயை நேராக ஊடே விடக் கூடாது. தவறினால், எல்லோரும் நின்று மௌனமாக ஓதும் அமிதா பிரார்த்தனை நேரத்தில் ஹாலில் பந்து தட்டும் சத்தம் கேட்கும்.

இங்குள்ள விதியில் நாற்காலி மட்டும் போட்டால் ஆளுக்கு 7 சதுர அடி. ஒரு பக்கம் 2,100 சதுர அடிக்கு 300 பேர், மறு பக்கம் 2,800க்கு 400 பேர். சுவர் மூடியிருந்தால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாசல் போதும். சுவரைத் திறந்ததும் 700 பேர். 500ஐத் தாண்டினால் மூன்று வாசல். நாற்காலி அடுக்கத் தனி அறை விடாவிட்டால் அவை வாசல் வழியில்தான் வந்து நிற்கும்.

யூத உணவு விதிப்படி, சமையலறையில் இறைச்சிக்கும் பாலுக்கும் தனித்தனித் தொட்டி, அடுப்பு, பாத்திர அலமாரி. வெளியாருக்குச் சின்னதாக இன்னொரு சமையலறை கட்டாயம் வேண்டும், அப்போது ஆலயச் சமையலறையைப் பூட்டிக்கொள்ளலாம்.

மின்வேலையில் ஒன்று. ஆள் நடமாட்டம் பார்த்து எரியும் விளக்கு, அன்று விளக்கை ஏற்றக் கூடாது என்று யூத ஓய்வுநாளைக் கண்டிப்பாகக் கடைப்பிடிப்பவர்களுக்கு ஆகாது, டைமர் வேண்டும். கழிப்பறையில் தானே பீய்ச்சும் சென்சாரும் கூடாது, கைப்பிடிதான். பேழைக்கு முன் தொங்கும் அணையா விளக்குக்குத் தனி லைன். அதைக் கூடத்து சென்சாரோடு சேர்த்துவிட்டால் ஆளில்லாத இரவில் அணைந்துபோகும்.

பீம் கணக்கை இத்துடன் வைத்திருக்கிறேன். தூண் பக்கம் ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்.

உங்கள் மருமகன்